பழைய மைனர் எத்தனை சுற்று தாங்கும்?

தோட்டப்புறத்து மோரிஸ் மைனர்களை இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்டுவோருக்கு ஒரு கணக்கு

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பஹாவ் எனத் தோட்டங்களில் 1950, 60களில் வளர்ந்தவர்களுக்கு மோரிஸ் மைனரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அது கிராணியார் வீட்டு வாசலில் நின்ற கார். டிரெசரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் பல ஆண்டு சேமித்து வாங்க நினைத்த கார். அந்தக் காரில் பிரசவத்துக்குச் சிரம்பான் மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு, மணமக்களாய்க் கோயிலுக்கு வந்து இறங்கியவர்களும் உண்டு.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, சில துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் செனவாங்குக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தார்கள். சில வீடுகளில் அந்தக் காரும் கூடவே வந்தது. தாத்தாவின் மைனரைப் பேரன் தகரம் தட்டி, சாயம் பூசி, புது டயர் போட்டு மறுபடியும் சாலைக்குக் கொண்டுவருகிறான். ‘என்’ எழுத்தில் தொடங்கும் பழைய நெகிரி செம்பிலான் எண் பலகை பளபளக்கிறது. பார்க்க மகிழ்ச்சிதான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மைவியும் சாகாவும் ஓட்டிப் பழகிய கால் அது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியதும் மற்ற கார்களோடு சேர்ந்து 110 கிலோமீட்டரைத் தேடுகிறது. மைனரின் என்ஜினும் கொஞ்ச நேரம் ஈடுகொடுக்கும். பிறகு ஒரு நாள் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டும் நிறுத்தாவிட்டால் கனெக்டிங் ராட் உடைந்து என்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவும் கூடும். அறுபது ஆண்டு ஒரு குடும்பத்தைச் சுமந்த என்ஜின் அத்தோடு பழைய இரும்பாகிவிடும்.

ஆகவே, இந்தச் சின்ன என்ஜினை நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஓட்டலாம்? அதற்கு ஒரே எண் கிடையாது. சில விநாடிகளுக்கு ஓர் எண், மணிக்கணக்கில் ஓட்ட வேறோர் எண், மலை இறக்கத்தில் எந்த நேரமும் மறக்கக்கூடாத ஓர் எண் என்று மூன்று உண்டு. மூன்றையும் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பது எந்த என்ஜின்?

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர், 1948ல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. முதலில் அதில் இருந்தது 918 சிசி பழைய பாணி சைடு வால்வு என்ஜின். 1952ல் ஆஸ்டினும் மோரிசும் ஒரே நிறுவனமானதும் ஆஸ்டின் ஏ30 காரின் 803 சிசி என்ஜின் மைனருக்கும் வந்தது. ‘ஏ சீரிஸ்’ என்று பின்னாளில் புகழ்பெற்ற குடும்பம் இதுதான். மினியை ஓட்டியதும் இதே குடும்பம்தான். 1956ல் 948 சிசியும், 1962ல் 1098 சிசியும் வந்தன.

முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் அது 1956க்கு முந்திய வண்டி. ஒரே கண்ணாடியாக இருந்தால் மைனர் 1000. ஆனால் நம் ஊரில் கண்ணாடியை மட்டும் நம்ப முடியாது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ வண்டிகளுக்கு என்ஜின் மாற்றப்பட்டிருக்கும். பிளாக்கில் உள்ள என்ஜின் எண்ணைப் பாருங்கள். 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098. முதலில் இது தெரியவேண்டும். பின்னால் வரும் எண்கள் எல்லாம் இதைப் பொறுத்தவை.

தொழிற்சாலை சொன்ன எண்

பழைய கையேடுகளில் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று எண் இருக்கும். 803 சிசிக்கு 30 குதிரைத்திறன், 4,800 சுற்றில். 948க்கு 37 குதிரைத்திறன், 4,750 சுற்றில். 1098க்கு 48 குதிரைத்திறன், 5,100 சுற்றில்.

இதைப் பலர் ‘அதுவரை ஓட்டலாம்’ என்ற அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அனுமதி அல்ல. அந்தச் சுற்றில்தான் என்ஜின் தன் முழு வலுவையும் தருகிறது என்பது மட்டுமே அதன் பொருள். அதைத் தாண்டி மிதித்தால் வலு கூடாது, குறையத்தான் செய்யும். ஒரே கார்புரேட்டர் வழியாக மூச்சு விடும் என்ஜின் அது. சிறிய வால்வுகள் வழியே அதற்குமேல் காற்று உள்ளே போகாது. கூடுவது சத்தமும் தேய்மானமும்தான்.

ஆகவே முதல் விதி எளிது. 948 ஆனாலும் 1098 ஆனாலும் 5,000 சுற்றைத் தாண்டுவதில் உங்களுக்கு எந்த இலாபமும் இல்லை. முந்திச் செல்லும்போது, ஏற்றத்தில் கியர் மாற்றும் முன், சில விநாடி அதைத் தொடலாம். 803க்கு அந்த உச்சத்தை 4,500 என்று வைத்துக்கொள்வது நல்லது. அதன் பேரிங்குகள் பின்னால் வந்தவற்றைப் போல வலுவானவை அல்ல.

300 கிராம் பிஸ்டன், 400 கிலோ இழுவை

சுற்று கூடும்போது உள்ளே என்ன நடக்கிறது? 948 சிசி என்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 76.2 மில்லிமீட்டர் மேலே போகிறது, நிற்கிறது, திரும்புகிறது. 5,000 சுற்றில் இது ஒரு விநாடிக்கு 83 தடவை நடக்கிறது. ஓடுகிற பொருளை நிறுத்தித் திருப்ப வேண்டுமானால் யாராவது பிடித்து இழுக்கவேண்டும். அந்த வேலையைச் செய்வது கனெக்டிங் ராட்.

பிஸ்டன், வளையங்கள், பின் எல்லாம் சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 4,000 சுற்றில், பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில், அது ராடை இழுக்கும் வலு ஏறத்தாழ 260 கிலோ எடைக்குச் சமம். 5,000 சுற்றில் அது 400 கிலோ. 7,000 சுற்றில் 790 கிலோ. மைனர் காரின் மொத்த எடையே ஏறக்குறைய 760 கிலோதான். அதாவது 7,000 சுற்றில் ஒவ்வொரு ராடிலும் ஒரு முழு மைனரைக் கட்டித் தொங்கவிடுவது போன்ற இழுவை, விநாடிக்கு நூறு தடவைக்கு மேல்.

சுற்று நேர்கணக்கில் கூடும்போது இந்த இழுவை வர்க்கக் கணக்கில் கூடுகிறது. 4,000லிருந்து 5,000க்குப் போவது கால் பங்கு அதிகம் என்றுதான் தோன்றும். ராடுக்கோ அது பாதிக்கும் மேல் கூடுதல் சுமை. ‘கொஞ்சம்தானே கூட மிதித்தேன்’ என்பது காலுக்குக் கொஞ்சம், ராடின் போல்ட்டுக்குக் கொஞ்சம் அல்ல.

மைவி தாங்குகிறதே?

இங்கே இளைஞர்கள் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார்கள். 2005ல் வந்த முதல் மைவி 1.3 தன் முழு வலுவைத் தருவது 6,000 சுற்றில். அதன் பிஸ்டன் ஓடும் தூரம் 79.7 மில்லிமீட்டர், 948 மைனரைவிட அதிகம். அது தாங்கும்போது மைனர் ஏன் தாங்காது?

காரணம் அடியில் இருக்கிறது. மைவியின் கிராங்க் ஷாஃப்டை ஐந்து இடங்களில் பேரிங்குகள் தாங்குகின்றன. ஒவ்வொரு சிலிண்டரின் இருபக்கமும் ஒரு தாங்கல் உண்டு. மைனரின் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றே தாங்கல்கள்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு தாங்கல்களுக்கு இடையில் இரண்டு சிலிண்டர்கள். மூன்று கம்பத்தில் நிற்கும் பாலத்தையும் ஐந்து கம்பத்தில் நிற்கும் பாலத்தையும் நினைத்துப் பாருங்கள். சுற்று கூடும்போது மைனரின் கிராங்க் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவைத் தாங்குவது பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இதை உருவாக்கியவர்களே அறிந்திருந்தார்கள். 1098 என்ஜினை ஸ்பிரைட், மிட்ஜெட் என்ற சின்ன விளையாட்டுக் கார்களில் முதலில் வைத்தபோது பிரதான பேரிங்கின் விட்டம் 1¾ அங்குலம். 1964ல் அதை 2 அங்குலமாக்கினார்கள். பந்தயத்துக்கென்று வந்த மினி கூப்பர் எஸ் காருக்குத் தனி வகை எஃகில், மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட கிராங்க் கொடுத்தார்கள். கூப்பர் எஸ் 7,000 சுற்றைத் தொடுவதைக் காட்டி, ‘இதுவும் ஏ சீரிஸ்தானே’ என்று மைனரை மிதிப்பது சரியல்ல. குடும்பப் பெயர் ஒன்று, எலும்பு வேறு.

இன்னொன்று, மைவியில் சுற்று எல்லை மீறினால் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். மைனரில் அந்தக் காவல்காரர் இல்லை. நாம்தான் காவல்.

2,500 அடி விதி

மைனர் புதிதாக வந்த காலத்துப் பிரிட்டிஷ் கார் இதழ்கள் ஒரு காரைச் சோதித்து எழுதும்போது, பிஸ்டன் நிமிடத்துக்கு 2,500 அடி ஓடும்போது கார் என்ன வேகத்தில் போகும் என்பதைக் கணக்கிட்டுத் தருவது வழக்கம். நீண்ட நேரம் தளராமல் ஓட அதுவே மேல் எல்லை என்பது அன்றைய பொது எண்ணம். இன்றைய அளவில் அது விநாடிக்கு 12.7 மீட்டர்.

அந்த விதியைச் சில பழைய என்ஜின்களுக்குப் போட்டுப் பார்த்தால்:

மைனர் 803, 948 (ஓட்டம் 76.2 மிமீ): 5,000 சுற்று
மைனர் 1098 (83.7 மிமீ): 4,550 சுற்று
மைனர் சைடு வால்வு 918 (90 மிமீ): 4,230 சுற்று
மினி 848 (68.3 மிமீ): 5,580 சுற்று
ஃபோர்ட் ஆங்லியா 105இ (48.4 மிமீ): 7,870 சுற்று

பெரிய என்ஜினான 1098க்கு எல்லை குறைகிறது என்பதைக் கவனியுங்கள். அதன் சக்தி கூடியதற்கு ஒரு காரணம் பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டியது. அந்த நீளத்துக்கு விலை உண்டு.

ஆங்லியாவின் எண்ணைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அதன் பிஸ்டன் குட்டையாக ஓடுவதால் பிஸ்டனுக்கு நோவில்லை. ஆனால் அதற்கும் மூன்றே பிரதான பேரிங்குகள்தாம். சாதாரண ஆங்லியா தன் முழு வலுவைத் தருவதும் 5,000 சுற்றில்தான். பிஸ்டன் வேகம் ஒரு வாசல், பேரிங் இன்னொரு வாசல், வால்வு மூன்றாவது வாசல். எது முதலில் மூடுகிறதோ அதுவே எல்லை.

தமிழ்நாட்டிலும் இதே கணக்குப் பொருந்தும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் முதல் என்ஜினும் 948 சிசிதான், 63 மிமீ விட்டம், 76 மிமீ ஓட்டம். வேறு நிறுவனத்தின் வேறு வடிவமைப்பு, ஆனால் அளவு மைனரின் அச்சு. அங்கே அதைப் புதுப்பித்து ஓட்டும் அன்பர்களுக்கும் இங்குள்ளவர்களுக்கும் எல்லை கிட்டத்தட்ட ஒன்றே.

2,500 அடி என்பது புதிய என்ஜினுக்குச் சொன்னது. நம் கையில் இருப்பது பலமுறை பிரித்துப் பூட்டிய, எப்போது யார் பூட்டினார்கள் என்று தெரியாத அறுபது வயது என்ஜின். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது விவேகம். அப்படிக் கழித்தால் 948க்கு 4,000 சுற்று, 1098க்கு 3,650 சுற்று. நெடுந்தூரம் ஓட்ட இதுவே உங்கள் எண். 803க்கு இன்னும் கொஞ்சம் இறங்கி, 3,500.

சுற்றுமானி இல்லையே!

மைனரின் முகப்பில் நடுவில் ஒரே ஒரு வட்டம், வேகமானி. சுற்றுமானி கிடையாது. கவலையில்லை, வேகமானியே போதும். கியரில் இருக்கும்போது சக்கரமும் என்ஜினும் பூட்டியே இருக்கின்றன.

948 மைனரில் நான்காம் கியரில் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் கார் மணிக்குச் சுமார் 15 மைல் போகும், அதாவது 24 கிலோமீட்டர். 1098ல் பின் அச்சுப் பல்சக்கரம் மாறியதால் 16 மைல், 26 கிலோமீட்டர். பழைய வண்டிகளின் வேகமானி மைலில் இருப்பது இங்கே உதவி. 948 ஓட்டுபவர் முள் காட்டும் மைலை 15ஆல் வகுத்தால் எத்தனை ஆயிரம் சுற்று என்பது கிடைத்துவிடும். 45 மைல் என்றால் 3,000. 60 மைல் என்றால் 4,000.

இப்போது நெடுஞ்சாலையைப் பாருங்கள். 110 கிலோமீட்டர் என்பது 68 மைல். 948 மைனரில் அது 4,500 சுற்றுக்கு மேல். அந்தக் கார் புதிதாக இருந்தபோதே அதன் உச்ச வேகம் 72, 73 மைல்தான். ஆக, சிரம்பான் சாலைக் கட்டணச் சாவடியிலிருந்து கோலாலம்பூர் வரை 110ல் போவது, மைனரை அதன் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே அரை மணி நேரத்துக்கும் மேல் பிடித்துவைப்பதாகும். மைவிக்கு அது சாதாரண நடை. மைனருக்கு அது ஓட்டப் பந்தயம்.

4,000 சுற்றில் 948 போகும் வேகம் சுமார் 60 மைல். 3,650 சுற்றில் 1098 போகும் வேகமும் ஏறக்குறைய அதே. இரண்டு என்ஜினுக்கும் விடை ஒன்றாகவே வருகிறது: 60 மைல், அதாவது 95 கிலோமீட்டர். மனத்தில் வைக்க இதைவிடச் சுலபமான எண் கிடைக்காது. 803 வைத்திருப்பவர்களின் பின் அச்சு விகிதம் வேறு. அவர்களுக்கு 45 மைல் போதும், அதாவது 70 கிலோமீட்டர். அவர்கள் நெடுஞ்சாலையை விட்டு ரந்தாவ், லிங்கி பழைய சாலையில் போவதே அழகு.

பிரிட்டனிலும் இதே பாடம் ஒருமுறை கற்கப்பட்டது. 1959 நவம்பரில் எம்1 நெடுஞ்சாலை திறந்தபோது, வளைவும் ஊரும் குறுக்கிட்டு வேகம் குறைந்து பழகிய குடும்பக் கார்கள் முதல் தடவையாக மைல் கணக்கில் முழு மிதியில் ஓடின. முதல் நாள்களிலேயே சூடேறியும் பழுதாகியும் சாலையோரம் நின்றவை பல. கார் கெட்டுப்போகவில்லை, சாலை மாறிவிட்டது. தோட்டத்துச் செம்மண் பாதையில் 20 மைலிலும் சிரம்பான் சாலையில் 40 மைலிலும் வாழ்ந்த நம் மைனர்களுக்கும் அதேதான் நேர்ந்திருக்கிறது.

ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது

நெகிரி செம்பிலானில் மைனர் வைத்திருப்பவர் குறிப்பாக அறியவேண்டியது இது. சிரம்பானிலிருந்து குவாலா பிலா போகும் வழியில் புக்கிட் புத்துஸ். ஜெலுபு பக்கம் குவாலா கிளாவாங் போகும் வழியில் புக்கிட் தங்கா. புக்கிட் புத்துசில் அகலமான புதிய சாலை வந்த பிறகும் மலை மலைதான். அகலச் சாலையில் வேகம் கூடுவதும் தெரிவதில்லை.

ஏற்றத்தில் என்ஜின் தன் எல்லையைத் தாண்டுவது கடினம். அதற்கு அவ்வளவு வலு இல்லை. இறக்கத்தில் நிலைமை தலைகீழ். காரின் எடையே சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் என்ஜினைச் சுற்றுகிறது. நீங்கள் பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாலும் சுற்று குறையாது.

948 மைனர் ஒன்று மூன்றாம் கியரில் 45 மைலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 4,200 சுற்றுக்குப் பக்கம், பாதகமில்லை. வளைவு வருகிறது, பிரேக் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, பயந்துபோய் இரண்டாம் கியருக்குத் தள்ளுகிறார். கிளட்ச் விட்ட மறுகணம் சுற்று 7,000. மேலே சொன்ன ‘ஒவ்வொரு ராடிலும் ஒரு மைனர்’ நடப்பது இப்போதுதான்.

இறக்கத்தில் இது இன்னும் கொடியது என்பதற்கும் காரணம் உண்டு. பெட்ரோல் மிதித்து ஓட்டும்போது, பிஸ்டன் மேலே வந்து திரும்பும் கணத்தில் எரியும் வாயு அதைக் கீழே தள்ளுகிறது. ராடின் இழுவை ஓரளவு ஈடாகிறது. காலை எடுத்துவிட்ட நிலையில் அந்தத் தள்ளல் இல்லை. முழு இழுவையும் ராடின் இரண்டு போல்ட்டுகள் மீது. அந்தப் போல்ட்டுகள் எத்தனை முறை கழற்றி இறுக்கப்பட்டவையோ!

வால்வுகளும் அந்தச் சுற்றில் தடுமாறும். வால்வை மூடுவது ஒரு சுருள் ஸ்பிரிங். கேம் போகும் வேகத்துக்கு அந்த ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாதபோது வால்வு மிதக்கத் தொடங்கும், மூட வேண்டிய நேரத்தில் மூடாது. புஷ் ராட் வளையலாம், வால்வு உடையவும் செய்யலாம்.

என்ஜினால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது தவறில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள மைனருக்கு அது அவசியம். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஆனால் கியரை இறக்கத்தின் தலைப்பிலேயே, வேகம் குறைவாக இருக்கும்போதே தேர்ந்துவிட வேண்டும். ‘எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு’ என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம்.

948 மைனரில் ஒவ்வொரு கியரின் மேல் எல்லையும் இதோ, 5,000 சுற்றுக் கணக்கில்:

முதல் கியர்: 21 மைல் (34 கிமீ)
இரண்டாம் கியர்: 32 மைல் (51 கிமீ)
மூன்றாம் கியர்: 54 மைல் (87 கிமீ)

1098 வைத்திருப்பவர்களும் இதையே பின்பற்றலாம், கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும். முன்பெல்லாம் சிலர் வேகமானிக் கண்ணாடியில் சின்னக் கோடு ஒட்டிவைப்பார்கள். 32லும் 54லும் இரண்டு கோடு ஒட்டினால், சுற்றுமானி வாங்கிய செலவு மிச்சம்.

எண்ணெய், பெட்ரோல், சூடு

எல்லையைச் சொன்னால் மட்டும் போதாது. என்ஜினின் உடல்நிலை சரியில்லாவிட்டால் இந்த எண்களும் அதிகம்.

முதலாவது எண்ணெய் அழுத்தம். நன்றாக இருக்கும் ஏ சீரிஸ் என்ஜின் சூடான பிறகு ஓட்டத்தில் 60 பவுண்டு அழுத்தமும், சும்மா நிற்கும்போது 15 பவுண்டாவதும் காட்டவேண்டும். மைனரில் எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு. அது எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அழுத்தமானி ஒன்று பொருத்துவது சின்னச் செலவு. ஓட்டத்தில் அழுத்தம் 40ஐத் தாண்டவில்லை என்றால், பேரிங்கைப் பார்க்கும் வரை 3,000 சுற்றைத் தாண்டாதீர்கள். எண்ணெய் 20டபிள்யூ-50 கனிம எண்ணெய் போதும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெய் நம் வெயிலில் இந்தப் பழைய இடைவெளிகளில் நிற்காது.

இரண்டாவது பெட்ரோல். இந்த என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. வால்வு உட்காரும் இடம் சிலிண்டர் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடையப்பட்டது. ஈயம் அந்த இடத்துக்கு ஒரு பூச்சுப்போல் இருந்தது. இன்றைய ஈயமற்ற பெட்ரோலில் மெதுவாக ஓட்டினால் பெரிய பாதகமில்லை. நீண்ட நேரம் அதிகச் சுற்றில் ஓட்டினால்தான் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையைத் தின்றுகொண்டு உள்ளே இறங்கும். வால்வு இடைவெளி தானாகவே குறைந்துகொண்டே போனால் அதுதான் அறிகுறி. 0.012 அங்குலம் வைத்துப் பூட்டியது சில ஆயிரம் கிலோமீட்டரில் இறுகிவிட்டால், கடின இருக்கை பொருத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது சூடு. நம் ஊர் நண்பகல் வெயிலில் 4,000 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு ரேடியேட்டர் சுத்தமாக இருக்கவேண்டும். சூடு ஏறினால் எண்ணெய் இளகும், எண்ணெய் இளகினால் பேரிங்குக்கு மெத்தை இல்லை.

மெதுவாக ஓட்டினால் போதுமா?

சிலர் இதையெல்லாம் கேட்டு மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள். நான்காம் கியரில் 20 மைலில், ஏற்றத்தில், என்ஜின் ‘கட கட’ என்று நடுங்க நடுங்க ஓட்டுவார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பு. இதுவும் தீங்குதான். குறைந்த சுற்றில் எண்ணெய் பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது, எரிதலின் அடியோ முழுதாக விழுகிறது. பேரிங்குக்கு எண்ணெய் குறைவு, சுமை அதிகம். மேட்டில் 1,500 சுற்றுக்குக் கீழே இழுக்கவிடாமல் கியரை இறக்குங்கள். 2,000 முதல் 3,500 வரை இந்த என்ஜின் மிகவும் மகிழ்ச்சியாக ஓடும் இடம். தோட்டத்தில் அது வாழ்ந்த இடமும் அதுதான்.

பட்டறைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. வண்டியைக் கிளப்பியதும் கார்புரேட்டரைக் கையால் இழுத்து ‘வ்ரூம் வ்ரூம்’ என்று முறுக்குவது. குளிர்ந்த என்ஜினில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. சுமை இல்லாததால் சுற்று கண்மூடித் திறப்பதற்குள் எகிறிவிடும். போர்மேன் எவ்வளவு அனுபவசாலி ஆனாலும், இதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பல ஆண்டு கொட்டகையில் நின்ற வண்டியானால் இன்னும் கவனம் தேவை. கிளப்பும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மைனருக்கே உரிய கைப்பிடிக் கம்பியால் மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட்டரால், எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை சுற்றுங்கள். அதன் பிறகே பிளக்கை மாட்டிக் கிளப்புங்கள்.

நினைவில் வைக்க

நெடுந்தூரத்தில்: 948, 1098க்கு 60 மைல் (95 கிமீ). 803க்கு 45 மைல் (70 கிமீ).

சில விநாடிகளுக்கு மட்டும்: 948, 1098க்கு 5,000 சுற்று. 803க்கு 4,500.

இறக்கத்தில்: 32 மைலுக்கு மேல் இரண்டாம் கியர் கிடையாது. கியரைத் தலைப்பிலேயே தேர்ந்துகொள்ளுங்கள்.

ஏற்றத்தில்: 1,500 சுற்றுக்குக் கீழே இழுக்கவிடாதீர்கள்.

கிளப்பியதும்: முதல் ஐந்து கிலோமீட்டர் 2,500 சுற்றுக்குள்.

அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால்: வீடு வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். தேய்ந்த பேரிங்கை மாற்றிவிடலாம். உடைந்த பிளாக்குக்குப் பதில் இன்னொரு பிளாக்கைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நெடுஞ்சாலையில் 95 கிலோமீட்டரில் இடப்பக்கத் தடத்தில் போகும் மைனரை எல்லாரும் முந்திப் போவார்கள். போகட்டும். முந்தும்போது பாதிப்பேர் கண்ணாடியை இறக்கிச் சிரித்துக் கைகாட்டிவிட்டுத்தான் போவார்கள். அவர்களில் யாராவது ஒருவரின் தாத்தாவும் கிராணியாராக இருந்திருக்கலாம்.